இரண்டு வாஷிங்டன் பிலிப்ஸ்



வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் ஒரு தியானத்தை எழுதி வருகிறேன். இந்த வாரம் எழுதுவது ஒரு திருத்தம். 2009ஆம் ஆண்டு லெந்து நாட்களில், ஒரு ஞாயிறு ஆராதனையில், பிரசங்க பீடத்தில் நின்று நான் சொன்ன ஒரு செய்தி உண்மையல்ல. அன்று அந்த ஆலயத்தில் அமர்ந்திருந்தவர்களில் சிலர் இன்று இதை வாசிக்கிறீர்கள் என்பதை அறிவேன். உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிரசங்கம் நினைவிருக்குமோ தெரியாது. ஒருவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. அவர்களைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன். அவர்கள் அனுமதி கொடுத்த பிறகே இதை எழுதத் துணிந்தேன்.

அன்று நான் சொன்னது இதுதான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாஷிங்டன் பிலிப்ஸ் என்ற கறுப்பினப் பாடகர் ஒருவர் வாழ்ந்தார். பரலோகத்தைப் பற்றி அவரைப்போல் இனிமையாகப் பாடினவர் அரிது. ஆனால் கடைசி நாட்களில் அவருக்குப் புத்தி பேதலித்தது. மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, 1938இல் அங்கேயே மரித்தார். இதுவரைக்கும் நான் எங்கோ வாசித்தது. அதற்கு மேல், "அந்தச் சுவர்களுக்குள்ளும் அவர் தம்முடைய கடைசி மூச்சு வரை பாடிக்கொண்டே இருந்தார்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். அதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. பிரசங்கம் சூடேறும்போது நாவில் வந்தது, சொன்னேன். சபையார் கண்களைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்து மகிழ்ந்தேன் என்பதையும் இங்கே மறைக்கக்கூடாது.

இனி அந்த மனிதரைப் பற்றி, இந்த முறை சரியாக, சொல்ல விரும்புகிறேன்.

வாஷிங்டன் பிலிப்ஸ் 1880ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி டெக்சாஸின் ஃப்ரீஸ்டோன் கவுண்டியில் பிறந்தார். டெக்சாஸில் அடிமைகளுக்கு விடுதலை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19ஆம் தேதி. அதற்குப் பின் பதினைந்தாவது ஆண்டுக்குள் பிறந்த பிள்ளை. அவரைச் சுற்றியிருந்த பெரியவர்களில் அநேகர், ஒருகாலத்தில் விலைக்கு வாங்கப்பட்டவர்களும் விற்கப்பட்டவர்களுமாக இருந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்தி விளையும் அந்தப் பூமியில், டீக் என்ற சிறு நகரத்துக்கு அருகே, சிம்ஸ்போரோ என்னும் கிராமத்தில் ஏறக்குறைய முப்பது ஏக்கர் நிலத்தில் அவர் விவசாயம் செய்தார். கரும்புப் பாகு காய்ச்சி, கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்பார். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு சபையில் நின்று பிரசங்கிப்பார். தமக்கென்று ஒரு சபை இல்லை. அபிஷேகித்து அனுப்பிய பேராயரும் இல்லை. அப்படிப்பட்ட பிரசங்கிகளை அந்த நாட்டில் சற்று இளக்காரமான ஒரு பெயரால் அழைப்பார்கள். முறையாகத் தொழில் படிக்காத கைவேலைக்காரன் என்ற தொனி அந்தப் பெயரில் உண்டு.

அவர் கையில் ஒரு வாத்தியம் இருந்தது. 1907ஆம் ஆண்டிலேயே உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அதைப்பற்றிச் செய்தி வெளியிட்டிருக்கிறது. இரண்டடிக்கு மூன்றடி அளவில், ஆறு அங்குல ஆழமுள்ள ஒரு பெட்டி. அதன்மேல் வயலின் தந்திகளைக் கட்டி, இரண்டு கைகளாலும் மீட்டுவார். அதற்கு அவரே சூட்டிய பெயர் 'மான்ஸரீன்'. நம்முடைய பாட்டுக் கச்சேரிகளில் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டும் ஸ்வரமண்டலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த வகை என்று எண்ணிக்கொள்ளலாம். பிற்காலத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றில், ஸிதர் என்னும் தந்திவாத்தியம் இரண்டைக் கையில் ஏந்தி அவர் நிற்கிறார். இசைத்தட்டுகளில் நாம் கேட்பது எந்த வாத்தியம் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தில் ஈடுபடும் அறிவில்லை. கேட்கும்போது, அதிகாலையில் தொலைவில் எங்கோ ஆலய மணிகள் மெதுவாக ஒலிப்பதுபோல் இருக்கும். அதற்கு நடுவே, அவசரமே இல்லாத ஒரு குரல்.

ப்ளூஸ் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிப்பது புதிதும் அல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்த அந்தப் பாட்டு முறையை, அவர்களுடைய சபைகளிலேயே பலர் பிசாசின் சங்கீதம் என்று ஒதுக்கினார்கள். சனிக்கிழமை இரவு மதுக்கடையில் பாடப்படுவது, ஞாயிறு காலை ஆலயத்துக்குள் வரலாமா என்பது அவர்களுடைய கேள்வி. ஆனாலும் வயலில் குனிந்து வேலை செய்கிறவனுக்குச் சனியன்று ஒரு குரலும் ஞாயிறன்று வேறொரு குரலும் இருப்பதில்லை. தெரிந்த ராகத்தில்தான் அவன் அழுவான், தெரிந்த ராகத்தில்தான் ஜெபிப்பான். பிலிப்ஸ் பாடினவை எல்லாம் ஆண்டவரையும் பரலோகத்தையும் சபையையும் பற்றிய பாடல்கள். ஆயினும் அவற்றுள் ஒன்றுக்கு 'ப்ளூஸ்' என்றே பெயர் வாய்த்தது.

1927 டிசம்பரில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஃபிராங்க் வாக்கர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு டாலஸ் நகரத்துக்கு வந்தார். தென்மாநிலங்களில் பாடுகிறவர்களைத் தேடிப் பதிவு செய்வது அவருடைய வேலை. டிசம்பர் 2ஆம் தேதி பிலிப்ஸ் பாடினார். அடுத்த நாள் அதே முகாமில் பாடினவர் பிளைண்ட் வில்லி ஜான்சன் என்ற கண் தெரியாத தெருப்பாடகர். வில்லி ஜான்சனின் குரல் 1977இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பப்பட்ட தங்கத் தகட்டிலும் இடம் பெற்றது. இன்று அது நட்சத்திர வெளியில் போய்க்கொண்டிருக்கிறது. பிலிப்ஸுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. அவருடைய முதல் இசைத்தட்டு ஏறக்குறைய 8000 பிரதிகள் விற்றது. சிம்ஸ்போரோவின் விவசாயிக்கு அது சிறிய எண்ணிக்கை அல்ல.

அந்த முதல் தட்டில் உள்ள பாட்டு ஒன்று, பாரத்தைக் கர்த்தரிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடு என்று சொல்லும் பாட்டு. அதை இயற்றியவர் சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி. பிலதெல்பியா நகரத்தில் ஒரு மெதடிஸ்டு ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் கோயில்குட்டியாக வேலை செய்து, பின்பு அதே ஆலயத்துக்குப் போதகராக வந்தவர். அவருடைய தகப்பனார் அடிமையாயிருந்தவர். டிண்ட்லியைப் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுதவேண்டும், இப்போது விட்டுவிடுகிறேன். பிலிப்ஸ் அவருடைய பாடல்களை வாங்கி, பருத்திக்காட்டின் வேகத்தில் பாடினார் என்பது மட்டும் போதும். பரலோகத்தில் நம்மவர்கள் இன்று என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று கேட்கும் பாட்டும் டிண்ட்லியுடையதே. அதைப் பிலிப்ஸ் 1928இல் பதிவு செய்தார். இறையியல் கல்லூரியில் நான் படித்த நாட்களில், ஆசிரியர் ஒருவர் இரவல் கொடுத்த ஒலிநாடாவில் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பாட்டைத்தான். விடுதி அறையில் மின்சாரம் போய்விடும் என்ற பயத்தில், பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரில் வைத்துக் கேட்டேன். என் பாட்டி மரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல விரும்பும் பாட்டு வேறு. 1927 டிசம்பர் 5ஆம் தேதி அவர் பதிவு செய்த 'டினாமினேஷன் ப்ளூஸ்'. சபைப் பிரிவுகளின் துயரப் பாட்டு என்று சொல்லலாம். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் பாட முடியும் என்பதால், இதை இரண்டு பக்கங்களாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். முதல் பக்கத்தில், தாம் அறிந்த சபைகளை ஒவ்வொன்றாக அழைத்து நிறுத்துகிறார். பாப்திஸ்துகளுக்குள்ளே கால் கழுவும் சடங்கை வற்புறுத்துகிறவர்கள் ஒரு பக்கம், அது வேண்டாம் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். மெதடிஸ்டுகள், பரிசுத்தக் கூட்டத்தார் என்று ஒருவரையும் விடுவதில்லை. ஒவ்வொருவரும் தாங்கள் மட்டுமே சரி என்று நிற்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டுகிறார். கோபமில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசும் பெரியவருடைய தொனி. இயேசு ஒருவரைப் பெற்றிருந்தால் போதும் என்பதே சரணந்தோறும் அவர் திரும்பி வந்து நிற்கும் இடம்.

இரண்டாம் பக்கத்தில் அவர் எங்களைப் பிடித்துக்கொள்கிறார், போதகர்களாகிய எங்களை. பணத்துக்காகப் பிரசங்கிக்கிறவர்களை ஒரு பிடி பிடிக்கிறார். அதுவரைக்கும் நானும் தலையசைத்துக் கேட்டேன். அடுத்ததாக, பிரசங்கிப்பதற்குக் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர்களிடம் வருகிறார். இயேசுவை அறியாதிருந்தால் அந்தப் படிப்பு அவனை எதுவாக ஆக்கும் என்று அவர் சொல்லும் சொல் கடுமையானது. இறையியல் கல்லூரி விடுதியில், கிரேக்க இலக்கணப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைக் கேட்ட நான், டேப் ரெக்கார்டரை நிறுத்திவிட்டேன். பல நாள் கழித்துத்தான் மீண்டும் கேட்டேன். கொரிந்து சபையார் ஊழியக்காரர்களுடைய பெயர்களைச் சொல்லிக் கட்சி கட்டி நின்றபோது, பவுல் அவர்களுக்கு எழுதினதை (1 கொரிந்தியர் முதலாம் அதிகாரம்) அந்த ஆண்டுதான் வகுப்பில் மூலமொழியில் படித்தோம். அதே செய்தியைக் கரும்புப் பாகு விற்கிறவர் ஆறு நிமிடத்தில் சொல்லி முடித்திருந்தார்.

இந்தப் பாட்டின் வேரிலிருந்து, பின்னாளில் மிகவும் பெயர் பெற்ற சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற பாடகி 1938இல் ஒரு பாட்டை உருவாக்கிப் பாடினார். 1970களின் தொடக்கத்தில் ரை கூடர் என்ற வெள்ளையர் ஒருவர் இதையே தம் இசைத்தட்டில் பாடினார். பாட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. பாடினவர் யாரென்று கேட்கத்தான் ஆளில்லை.

1929 டிசம்பரில் பிலிப்ஸ் மூன்றாம் முறையாக, கடைசி முறையாக, டாலஸுக்குப் போனார். அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று பதிவானவற்றுள் ஒரு பாட்டு, சபைக்கு நல்ல உதவிக்காரர்கள் தேவை என்பது. நம்முடைய சேகரக் கமிட்டித் தேர்தலுக்கு முன்பு அதை ஒலிபெருக்கியில் போடலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு; தைரியம் இல்லை. இன்னொன்று, உலகம் எங்கும் சீர்கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லும் பாட்டு. இரண்டு பக்கமாகப் பதிவான அது தொலைந்தே போயிற்று. வேறொன்று, கோள் சொல்லுகிறவனைத் தடுத்து நிறுத்த எவராலும் முடியாது என்பதைப் பற்றியது. அதுவும் இரண்டு பக்கம். அக்காலத்தில் வெளியிடப்படாமல் வெகுகாலம் கழித்தே வெளிவந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் பதிவு செய்தவை மொத்தம் 18 பக்கங்கள், மிஞ்சியவை 16. ஒரு மணி நேரத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். பொருளாதார வீழ்ச்சியில் இசைத்தட்டு வியாபாரம் படுத்தது. டாலஸுக்குக் கூப்பிட யாரும் வரவில்லை. அவர் தம் நிலத்துக்கும் கோவேறு கழுதைக்கும் திரும்பினார்.

இனி, என் தவறுக்கு வருகிறேன்.

பழைய தட்டுகளைச் சேகரிக்கிறவர்கள் பிலிப்ஸின் குரலில் மனதைப் பறிகொடுத்து, இவர் யார் என்று தேடத் தொடங்கினார்கள். வாஷிங்டன் பிலிப்ஸ் என்ற பெயருடைய ஒருவர் கிடைத்தார். அதே ஃப்ரீஸ்டோன் பகுதியைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1930இல் ஆஸ்டின் நகரத்து அரசு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1938இல் காசநோயால் அங்கே மரித்தவர். கடைசி ஒலிப்பதிவு 1929 டிசம்பர். மருத்துவமனையில் சேர்ந்தது 1930. எவ்வளவு பொருத்தமாக அமைகிறது பாருங்கள்! பரலோகத்தைப் பாடினவர் பாட்டை நிறுத்தியதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. இசைத்தட்டு உறைகளில் அதை அச்சிட்டார்கள். நானும் அதை நம்பினேன்.

2002ஆம் ஆண்டின் இறுதியில், மைக்கேல் கார்கரன் என்ற பத்திரிகையாளர் ஆஸ்டின் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் செய்தது மிகவும் எளிய காரியம். அந்தக் கிராமத்துக்கே போய், வயதானவர்களை விசாரித்தார். பெட்டி வாத்தியத்தை மீட்டிப் பாடின 'வாஷ்' பிலிப்ஸை நேரில் அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை, இங்கேதான் இருந்தார், எங்களுக்குப் பாகு விற்றார் என்றார்கள். பாடகர் பிலிப்ஸ் 1954ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி மரித்தார். டீக் நகரத்தில் அரசு நலத்துறை அலுவலகத்தின் படிக்கட்டில் தவறி விழுந்து, தலையில் அடிபட்டதே காரணம். வயது 74. மனநோய் மருத்துவமனையில் மரித்தவர் வேறொரு மனிதர். பெயரும் ஊர்ப்பகுதியும் மட்டுமே ஒன்று. 2016இல் கார்கரன் இதை விரிவாக எழுதி, பாடல்களோடு சேர்த்து ஒரு புத்தகமாகவே வெளிவந்தது.

நான் பிரசங்கித்தது 2009இல் என்பதைக் கவனியுங்கள். திருத்தம் அச்சில் வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். தேடத் தோன்றவில்லை, ஏனென்றால் கதை எனக்குப் பிடித்திருந்தது. பிரசங்கத்துக்கு ஏற்ற முடிவு அதில் இருந்தது. உண்மையான பிலிப்ஸின் முடிவை வைத்துக்கொண்டு ஒரு போதகன் என்ன செய்ய முடியும்? பாட்டுக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள் பாகு விற்றுவிட்டு, முதிர்வயதில் நலத்துறை அலுவலகத்தின் படியில் வழுக்கி விழுகிறார். அதில் சபையார் கண்ணீர் விட இடமில்லை. ஒன்பதாம் கட்டளையை ஞானஸ்நான வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே கற்பித்து வந்திருக்கிறேன். பொய்ச்சாட்சி என்றால் பிறனுக்குத் தீங்கு செய்யச் சொல்வது மட்டுந்தான் என்றே எண்ணியிருந்தேன். பிறனை உருக்கமான உதாரணமாக்குவதற்கும் அதே சொல் பொருந்தும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கோள் சொல்லுகிறவனைப் பற்றி அவர் பாடின பாட்டு வெளிவராமல் கிடந்ததும், அவரைப் பற்றிய தவறான செய்தி கடல் தாண்டி என் நாவு வரைக்கும் வந்ததும் எனக்கு இப்போது வேடிக்கையாகப் படவில்லை.

உண்மை எனக்குத் தெரிய வந்தது 2020இல், ஆலயக் கதவுகள் பூட்டியிருந்த நாட்களில். உங்களுக்குக் கைப்பேசியில் அனுப்புவதற்காகப் பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசித்தேன். அன்றே உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பழைய பிரசங்கத்தை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள் என்று ஒரு சமாதானம் செய்துகொண்டேன். அது உண்மையான காரணமும் அல்ல. நினைவில் வைத்திருக்கும் ஒருவரை நான் அறிந்திருந்தேன்.

2009இல் அந்த ஆராதனை முடிந்தபின், ஒரு தாயார் வெஸ்டரி வாசலில் காத்திருந்தார்கள். எல்லாரும் போகும்வரைக்கும் நின்றார்கள். அவர்களுடைய தம்பி பல ஆண்டுகளாக மனநோய் மருத்துவமனையில் இருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். சபையில் ஒருவருக்கும் அவர்கள் சொன்னதில்லை. கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தம்பியை விட்டுவிட்டு எண்ணிச் சொல்வார்களாம். "அந்தப் பாட்டுக்காரர் அங்கே இருந்தாலும் ஆண்டவரோடதான இருந்தாரு ஐயா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அடுத்த ஞாயிறு, ஜெபக்குறிப்புகளில் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அதன்பின் மாதம் ஒருமுறை பேருந்து ஏறிப் போய்ப் பார்த்து வரத் தொடங்கினார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இரண்டு பேர் அவர்களோடு கூடப் போனார்கள். நான் இட்டுக்கட்டிய ஒரு வாக்கியத்தின்மேல் இவ்வளவும் எழும்பியிருந்தது. இதை எப்படி உடைப்பது?

சென்ற ஆண்டு அந்தத் தம்பி மரித்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். முந்தின இரவு நான் வீட்டுக்குப் போனபோது, அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "நாளைக்கு அடக்க ஆராதனையில அந்தப் பாட்டுக்காரர் கதையச் சொல்லுங்க ஐயா. சாகிற வரைக்கும் பாடினாருன்னு சொன்னீங்கள்ல, அதச் சொல்லுங்க."

துக்க வீடு. கூடத்தில் குளிர்ப்பெட்டி ஓடும் சத்தம். சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வர மனமும் இருந்தது. அடக்க ஆராதனையில் நின்று இரண்டாம் முறையாக அதைச் சொல்ல என்னால் ஆகாது என்பது மட்டும் தெளிவாயிருந்தது. அடுக்களைப் பக்கம் அவர்களை அழைத்துப் போய், ஒரு முக்காலியில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மருத்துவமனையில் இறக்கவில்லை அம்மா, அது வேறு ஆள். பாடிக்கொண்டே இறந்தார் என்பது நானாகச் சேர்த்தது. என்னை மன்னியுங்கள் என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். கோபிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ அந்த ஆஸ்பத்திரியில செத்துப்போனது யாரு ஐயா?"

"அவர் பெயரும் அதுதான் அம்மா. அதே ஊர்ப் பக்கம்."

"அவரு பாடுவாரா?"

"தெரியவில்லை. அவரைப் பற்றி அதிகமாக யாரும் எழுதவில்லை."

"பார்க்க ஆள் வந்தாங்களா?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த மனிதரைப் பற்றி ஒரு கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை என்பது அந்த முக்காலிக்கு முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்தது. முதலில் அவருடைய மரணத்தை எடுத்துப் பாடகருக்குக் கொடுத்தேன். தவறு என்று தெரிந்ததும், பாடகருக்கு அவருடைய சொந்த வாழ்வைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றியே யோசித்தேன். எட்டு ஆண்டு அந்தக் கட்டிலில் கிடந்து மரித்தவரை, தவறாக வந்துவிட்ட ஒரு பெயர் என்று ஒதுக்கிவிட்டேன்.

"எந்தம்பிக்கும் பாட்டு வராது ஐயா" என்றார்கள் அந்த அம்மா. "ஆராதனையில நிக்கிறப்போகூட வாய மட்டுந்தான் அசைப்பான். நாளைக்கு அந்த ரெண்டாவது ஆளச் சொல்லுங்க."

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அடக்க ஆராதனை. வாஷிங்டன் பிலிப்ஸ் என்ற ஒருவர் டெக்சாஸில் ஃப்ரீஸ்டோன் கவுண்டியைச் சேர்ந்தவர், 1930இல் ஆஸ்டின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 1938இல் காசநோயால் மரித்தார் என்று சொன்னேன். சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பின்பு தம்பியின் பெயரைச் சொல்லி, குழியண்டை ஜெபத்தை வாசித்தோம். அந்த அம்மா, தம்பியோடு சேர்த்து, தாங்கள் கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர் என்று அருகில் நின்ற ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.